அப்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைக்காரர்கள் பலர் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் இணையத்தளம் அமைத்ததோடு, அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த செருகுநிரல்களை (பிளகின்) புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். 2020 செப்டெம்பரில், தளத்தின் கோப்புகளைக் கையாள உதவும் ‘ஃபைல் மேனேஜர்’ செருகுநிரலில் நடந்ததைப் பாருங்கள். மாதிரிக்கென இருந்த ஒரு கோப்பின் பின்னொட்டை (பெயரின் கடைசிப் பகுதி), சேவையகம் நிரலாக இயக்கும் வகையான பிஎச்பி என அதை உருவாக்கியவர்கள் மாற்றி வைத்திருந்ததால், கடவுச்சொல் இல்லாமலே எவரும் எதையும் பதிவேற்ற முடிந்தது. 6.9 பதிப்பில்தான் அந்த ஓட்டை அடைபட்டது.

புதுப்பித்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே புகுந்தவர் வைத்துவிட்டுப் போன கோப்பு தளத்திலேயே கிடக்கும். படங்கள் முதலானவை பதிவேறும் அப்லோட்ஸ் கோப்புறையில் வெற்று இண்டெக்ஸ் கோப்பைத் தவிர வேறு பிஎச்பி கோப்பு இருந்தால் உடனே சந்தேகியுங்கள். அந்தக் கோப்புறைக்குள் பிஎச்பி இயங்காதபடி சேவையகத்திலேயே தடுத்துவிடுங்கள். தளம் அமைத்துத் தருபவர்களே, பதிவேற்றப்படும் கோப்பைப் பற்றி ‘இது படம்’ என்று உலாவி சொல்வதை நம்பாதீர்கள், அதை அனுப்புபவர் விருப்பப்படி மாற்றலாம். பின்னொட்டைச் சரிபார்த்து, பெயரை மாற்றிச் சேமியுங்கள்.

இணையத்தள வடிவமைப்பாளர்,
கொழும்பு 06