2,667 ரூபாய்ப் பஞ்சாயத்து: நம் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை சங்கக் கூட்டம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. எரியாத தெருவிளக்கு, மூடி உடைந்த பாதாளச் சாக்கடை, நாய்த்தொல்லை, இவற்றுக்குக் கீழே 'வேலையாள் பிரச்சினை' என்று ஒரு வரி. நாய்த்தொல்லைக்கு அடுத்து அதைப் போட்டவர் யோசித்துப் போட்டிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். கூட்டத்தில் வாயைத் திறந்தால் நாலு பேர் குறுக்கே பேசுவார்கள். எழுத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

நம் தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த அக்காவுக்கும் அதில் ஒரு வீட்டுக்கும் சம்பளத் தகராறு. அந்த வீட்டுக்காரர் நம் நிர்வாகக் குழுவில் இருப்பவர். தகராறு நடந்த மறுநாளே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'இவரை இனி யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்' என்று அக்காவின் போட்டோவோடு ஒரு செய்தி வந்தது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இரண்டு வீடுகள் உடனே அவரை நிறுத்திவிட்டன. மிச்சமிருப்பது என் வீடு. நான் நிறுத்தவில்லை. 'அந்தம்மா வேலைக்காரி பக்கம் சாயறாங்க' என்று சொல்லப்பட்டதும் காதில் விழுந்தது. சாய்வைப் பற்றிப் பேசுவதானால், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் உட்காரப்போகிற அத்தனை பேரும் சம்பளம் கொடுக்கிற தரப்பு. வாங்குகிற தரப்பில் ஒருவரைக்கூட நாம் கூப்பிடவில்லை. இதில் தீர்ப்பு வேறு சொல்லப் போகிறோமாம்.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். யார் நல்லவர், யார் நன்றி கெட்டவர் என்ற ஆராய்ச்சி எனக்கு வராது. இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தேன்.

சம்பளம் மாதம் 4,000 ரூபாய். ஜனவரி மாதச் சம்பளம் முழுதும் நிற்கிறது. பிப்ரவரியில் 12 நாள் வேலை செய்த பிறகுதான் அக்கா நின்றார், அதற்கு 1,600. ஆக 5,600 ரூபாய் வர வேண்டும். இதில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. போன ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 10,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மாதம் ஆயிரமாகப் பிடித்தாகிவிட்டது. பாக்கி 4,000 என்கிறார் வீட்டுக்காரர். இல்லை, 2,000தான் என்கிறார் அக்கா. தீபாவளி போனஸைக் கையில் வாங்காமல், 'அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்கம்மா' என்று சொன்னதாக அவர் கணக்கு. இந்த வருஷம் புடவை மட்டும்தான், ரொக்கம் கிடையாது என்று முடிவு செய்திருந்தோம் என்பது வீட்டம்மாவின் கணக்கு. ஆனால் அதற்கு முந்தைய மூன்று தீபாவளிக்கும் புடவையோடு 2,000 ரூபாய் கொடுத்ததை அவரே ஒப்புக்கொள்கிறார்.

அடுத்தது டிசம்பர் வெள்ளம். 2024 டிசம்பர் முதல் வாரம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் கடலூரில் நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் மூழ்கியதை நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அக்காவின் வீடு அந்தப் பக்கம். ஐந்து நாள் வரவில்லை. ஐந்து நாள் சம்பளம் 667 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவரிடம் லீவு பிடித்தம் செய்தது சரியா என்று சங்கம் விவாதிக்க விரும்பினால் விவாதிக்கட்டும். எனக்கு அதில் விவாதம் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் கணக்குப்படி அக்காவுக்கு வர வேண்டியது 1,600. அக்கா கணக்குப்படி 4,267. இடைவெளி 2,667 ரூபாய். இந்தத் தொகைக்காகத்தான் ஒருவருடைய முகத்தை எண்பது சொச்சம் வீடுகளுக்கு அனுப்பி, பிழைப்பில் பாதியைக் காலி செய்திருக்கிறோம். வீட்டுக்காரரே ஒப்புக்கொள்ளும் 1,600 ரூபாயைக்கூட இன்னும் கொடுக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கணக்குக் கேட்கப் போனபோது அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு காலண்டர் பார்த்தேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர். போன வருஷத்தையும் கழற்றாமல் புதியதற்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். அக்கா வராத நாள்களில் சிவப்புப் பேனாவில் 'லீவு'. தாமதமாக வந்த நாள்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் '7.30', '7.40'. தீபாவளி வாரத்தைத் தேடினேன். சென்னையிலிருந்து மகள் குடும்பம் வந்து தங்கியிருந்த அந்த வாரம் முழுக்க மதியம் இரண்டு மணி வரை அக்கா பாத்திரம் தேய்த்திருக்கிறார். வீட்டம்மாவும் அதை மறுக்கவில்லை. அந்தக் கட்டங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. லீவுக்குக் குறிப்பு உண்டு, கூடுதல் வேலைக்குக் குறிப்பு இல்லை. நம் வீடுகளில் தொங்கும் காலண்டர்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

தகராறின் வேர் அட்வான்ஸில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது பேசியது: பத்துப் பாத்திரம் தேய்க்க வேண்டும், வீடு பெருக்கித் துடைக்க வேண்டும். காலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை. சம்பளம் 3,500. மாதம் இரண்டு நாள் லீவு கழித்து 28 நாள் என்றால் 70 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். போன வருஷம் அந்த வீட்டுப் பெரியம்மா படுக்கையில் விழுந்தார். அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கை விரிப்புகளைத் துவைத்து மாடியில் காயப்போடுவது வரை அக்கா தலையில் வந்தது. வேலை பதினோரு மணி வரை நீண்டது. சம்பளத்தை 500 ரூபாய் உயர்த்தினார்கள். அதாவது 112 மணி நேரத்துக்கு 4,000. மணிக்கு 35 ரூபாய் 71 காசு. சம்பளத்தை ஏற்றிக் கொடுத்தோம் என்று அந்த வீட்டில் மனதார நம்புகிறார்கள். ஏறிய சம்பளத்தில் மணிக்கூலி 14 ரூபாய் இறங்கியிருக்கிறது. இதைச் சொல்லி அக்கா கூடுதல் கேட்டதற்குத்தான், 'இஷ்டமில்லன்னா நின்னுக்கோ' என்று பதில் வந்தது.

தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. திறன் தேவைப்படாத வேலை என்று அவர்கள் வகைப்படுத்தியதற்கே மணிக்கு 37 ரூபாய். அது அன்றைய விலைவாசிக்குச் சொன்ன எண். அதைப் போட்டுப் பார்த்தாலும் 112 மணிக்கு 4,144 வருகிறது. மாதத்துக்கு 144 ரூபாய் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது திறன் தேவைப்படாத வேலையா என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை. எழுப்பினால் கணக்கு இன்னும் ஏறும். அக்கா இந்தக் குறைவை இதுவரை கேட்கவே இல்லை.

வழக்கமான பதில் எனக்குத் தெரியும். 'நாங்க அவளுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கோம்.' காலையில் இட்லி, காபி. பொங்கலுக்குப் பச்சரிசி, வெல்லம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை. உண்மைதான், செய்திருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அன்பாகக் கொடுத்ததைச் சண்டை வந்த அன்று விலைப்பட்டியலாக நீட்டினால் அது அன்பளிப்பும் ஆகாது, சம்பளமும் ஆகாது. பத்தாயிரத்தைத் 'தூக்கிக் கொடுத்தோம்' என்றும் சொல்கிறார்கள். மாதாமாதம் பிடித்துக்கொண்ட பணத்தைத் தூக்கிக் கொடுத்ததாகச் சொல்வது என்ன கணக்கு?

வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர், 'ரெண்டு வருஷம் முன்னாடி வெள்ளிக் குங்குமச்சிமிழ் காணாம போச்சே, ஞாபகம் இருக்கா?' என்று ஒரு கேள்வியைப் போட்டார். காணாமல் போன அன்று யாரும் அக்காவைக் கேட்கவில்லை, காவல் நிலையத்துக்கும் போகவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் வீட்டுச் சாவியையே அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். சம்பள பாக்கி கேட்ட வாரத்தில் சிமிழ் நினைவுக்கு வருகிறது. அதைப் போட்டவர் கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் நகரில் பாதி வீடுகள் பென்ஷனில் ஓடுகின்றன. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, முழங்கால் வலியோடு இரண்டு கிழங்கள் மட்டும் இருக்கிற வீடுகள். சொல்லாமல் ஆள் வராமல் போனால் அன்றைய பொழுது நாறிவிடும். என் வீடும் அப்படித்தான். கட்டுப்படியாகவில்லை என்றால் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், துணியை மெஷினில் போடலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் துடைக்கச் சொல்லலாம். நேரத்தை நீட்டிவிட்டுக் கூலியை அப்படியே வைத்திருக்க மட்டும் முடியாது.

'எங்க வேணா போய்ப் பாத்துக்கட்டும்' என்று ஒருவர் சொன்னார். அக்கா முறையிடப் போகக்கூடிய இடங்கள் மிகக் குறைவு என்பது தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, வீட்டு வேலையைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. 2011-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை செய்பவர்களுக்காக 189-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. பிறகு அதை ஏற்று உறுதி செய்யவில்லை. இவர்களுக்கென்று தனிச் சட்டம் தேவையா என்று பார்க்கக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொல்லியிருக்கிறது. அதெல்லாம் வரும்போது வரட்டும். ஆனால் கடலூரிலேயே திறந்திருக்கிற ஒரு கதவு உண்டு: நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச வைப்பார்கள். கட்டணம் கிடையாது. அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே விவரம் சொல்வார்கள். அக்காவுக்கு இதை நான் சொல்லிவிட்டேன்; சங்கத்துக்குத் தெரியாமல் சொன்னதாக இருக்கக்கூடாது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. பதிவு செய்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அந்த அட்வான்ஸில் கொஞ்சமாவது குறைந்திருக்கும். யோகா வகுப்புக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் கூடத்தை விடுகிற சங்கம், நம் தெருக்களுக்கு வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரையும் வாரியத்தில் பதிய ஒரு நாள் ஒதுக்கலாமே.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்பே குழுவிலிருந்து அந்தச் செய்தியை நீக்கிவிடுங்கள். நீக்கியதை அதே குழுவில் ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். சம்பந்தப்பட்ட நிர்வாகக் குழு உறுப்பினர் அந்த நேரம் மேடையில் உட்கார வேண்டாம், எதிர்த்தரப்பாகக் கீழே உட்காரட்டும். காலண்டரை எடுத்து வரட்டும். அக்கா தன் தங்கையோடு வருவார். இருவருக்கும் நாற்காலி போட வேண்டும், நிற்க வைத்து விசாரிப்பதாக இருந்தால் நான் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சங்கம் தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போனஸ் விஷயத்தில் மூன்று வருஷ வழக்கம் அக்கா பக்கம் இருக்கிறது, வெள்ள நாள் பிடித்தத்தைத் திருப்பித் தருவதுதான் முறை, ஆகவே 4,267 என்பது என் கணக்கு. வீட்டுக்காரருக்கு வேறு கணக்கு இருந்தால் எழுத்தில் காட்டட்டும். மறுப்பில்லாத 1,600 ரூபாயை மட்டும் கூட்டம் வரை காத்திருக்காமல் நாளையே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

இனிமேல் வேலைக்கு வைக்கும் எந்த வீட்டிலும் இரண்டு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும், ஒன்று வீட்டில், ஒன்று வேலைக்கு வருபவர் கையில். வந்த நேரம், போன நேரம், அட்வான்ஸ், பிடித்தம், போனஸ் எல்லாம் இரண்டிலும் ஏறி மாதக் கடைசியில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். என் வீட்டில் இந்த மாதம் முதல் அப்படித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கைக்கு வராவிட்டால், திங்கள் காலை அக்காவும் நானும் நீதிமன்ற வளாகத்துக்குப் போகிறோம். மனுவை எழுதி வைத்துவிட்டேன். தொகை மட்டும் நிரப்ப வேண்டும். அங்கே போனால் அந்த 144 ரூபாய்க் குறைவையும் சேர்த்தே நிரப்புவோம்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி வைக்காத ஓர் உறுப்பினர்,
கடலூர்.