கிளிப் போட்ட முதல் வாரம்

அன்புள்ள செல்விக்கு,

புது வீட்டில் பால் காய்ச்சிய செய்தி படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். மகளுக்குப் பல்லில் கிளிப் போடலாமா என்று கேட்டிருந்தாய். நானே போட்டு இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, அதனால் பட்டதையே எழுதுகிறேன்.

போட்ட அன்று வலியே இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயைத் திறந்து வைத்திருந்ததில் தாடைதான் கடுத்தது. மறுநாள் காலையில் இட்லியைக் கடிக்க முடியவில்லை செல்வி. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பட்டாலே சுரீர் என்றது, சாம்பாரில் ஊறவிட்டு நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கித்தான் விழுங்கினேன். மூன்று நாளும் குழைந்த ரசம் சாதம், கேழ்வரகுக் கூழ். நான்காம் நாள் வலி குறைந்தது, ஆனால் முன்பல் லேசாக ஆடியது. பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன். பல் தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு கரையும், விட்டுவந்த பக்கத்தில் புதிதாக வளரும், அப்படித்தான் பல் நகர்கிறது, கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்றார். அதைக் கேட்டபிறகுதான் தூங்கினேன். இதை முதலிலேயே மகளிடம் சொல்லிவிடு.

வலியைவிடப் புண்தான் பெரும்பாடு. கடைவாயில் கம்பி நுனி கன்னத்தைக் கீறிக்கொண்டே இருந்தது. அதற்கென்று மெழுகு தருவார்கள்: ஒரு மிளகு அளவு கிள்ளி உருட்டி, குத்துகிற இடத்தை முதலில் சுத்தத் துணியால் துடைத்துவிட்டு அழுத்தவேண்டும், ஈரத்தில் ஒட்டாது. எனக்கு இது தெரியாமல் இரண்டு நாள் வீணாகப் போனது. அப்புறம், சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், இதமாக இருந்தது.

இன்னொன்று, கம்பியைப் பிடித்து வைக்கப் பல்லில் குட்டி ரப்பர் வளையம் மாட்டுவார்கள், அதைப் பல் நிறத்தில் கேட்காதே. நான் கேட்டு வாங்கினேன், நம் வீட்டுக் குழம்பு மஞ்சளில் ஒரே வாரத்தில் அத்தனையும் பழுப்பேறிவிட்டது. கருநீலம் போடச் சொல். முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு எல்லாம் கிளிப் கழற்றும்வரை கூடாது, கடித்தால் பல்லில் ஒட்டிய கிளிப் பெயர்ந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் குரூப் போட்டோ எடுத்தபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் மகள் அப்படி நிற்கவேண்டாம். போடு. என்றைக்கு என்று சொன்னால் முதல் இரண்டு நாள் நான் வந்து அவளோடு இருக்கிறேன், கூழ் காய்ச்சுவது என் பொறுப்பு.

அன்புடன்,
வசந்தி