அந்த ட்யூபைத் துணியில் சுற்று

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பின படத்தை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டில் முழுக்க ஸ்பானரும் கம்பியுமாகப் பரப்பி வைத்திருக்கிறாய். கடையையே வாங்கிவிட்டாயோ என்னவோ. இமாச்சல் மலையில் இருக்கிற ஸ்பிட்டிக்கு பைக்கில் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த வேலையை உன் அம்மா போனில் தினம் பார்த்துக்கொள்கிறாள். எனக்குப் பேச்சு நீ எடுத்துப்போகிற அந்த ரிப்பேர் பையைப் பற்றித்தான்.

மேக்ஸ் 100 பைக் வைத்திருந்த காலத்தில் கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையத்துக்கு மாதம் இரண்டு நடையாவது போவேன். ஒருநாள் குரும்பூர் பள்ளம் என்கிற ஓடையைத் தாண்டினதும் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. நான்தான் கெட்டிக்காரனாயிற்றே, ஸ்பேர் ட்யூப் இருந்தது. ஸ்பானர்களோடு ஒரே பெட்டியில் ஒரு வருஷமாகக் கிடந்த ட்யூப். மாட்டிக் காற்றடித்தால் நிற்கவில்லை. மறுபடி கழற்றிப் பள்ளத்துத் தண்ணீரில் முக்கினால் மூன்று இடத்தில் குமிழி. வண்டி குலுங்கக் குலுங்க ஸ்பானர் முனை உரசியே, ஒரு அடி ஓடாத புது ட்யூப் ஓட்டையாகியிருந்தது. சரி, ஒட்டுப் போடலாம் என்று சொல்யூஷன் பசையை எடுத்தால் அது உள்ளேயே காய்ந்து கட்டியாகிவிட்டது. யானை நடமாடுகிற காட்டில் பொழுது சாய்கிற நேரம் வண்டியைத் தள்ளினேன். உன் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

உன் படத்திலும் ட்யூப் மேல் கட்டிங் பிளேயர் கிடக்கிறது. ட்யூபுக்குப் பவுடர் போட்டு, பழைய ஜீன்ஸ் துணியில் சுற்றி, இரும்பு படாமல் தனியாக வை. சொல்யூஷன் பிரிக்காததாக இரண்டு வாங்கு. உன் ஹிமாலயன் 411 பைக்குக்கு முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17. இரண்டு ட்யூபும் இருந்தால் நல்லது. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் முன்னதை எடு. அவசரத்துக்கு அதை மடித்துப் பின் சக்கரத்தில் திணித்து மெதுவாக ஊர் சேரலாம். பின்னது முன் சக்கரத்துக்கு எட்டவே எட்டாது.

அப்புறம், டூல்ஸை முதுகுப் பையில் போடாதே. விழுந்தால் ஸ்பானர்தான் முதலில் முதுகெலும்பில் குத்தும். கனமானதெல்லாம் வண்டியில், எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ. அந்தப் பெரிய சாக்கெட் செட்டை வீட்டிலேயே விடு. வண்டியில் எந்தெந்த நட்டு இருக்கிறதோ அந்த அளவு ஸ்பானர் போதும். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு ஆக்ஸில் நட்டுக்கும் பொருந்துகிறதை மறந்துவிடாதே. உன் படத்தில் அதைக் காணோம்.

கிளட்ச் கேபிளைப் பையில் சுருட்ட வேண்டாம். பழைய கேபிளை ஒட்டியே புதியதையும் ஓட்டி, முனைகளுக்கு டேப் சுற்றிவிடு. அறுந்தால் மாட்டுவதுதான் வேலை. கிளட்ச், பிரேக் லிவர்களின் கிளாம்பை ஒரு துளி தளர்வாக வை. வண்டி சாய்ந்தால் லிவர் ஒடியாமல் சுழன்றுவிடும். எஞ்சின் அடியில் கல் அடித்து ஆயில் கசிந்தால் எம்-சீல் பசையால் அடை, பெட்ரோல் டேங்க் கசிந்தால் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடை. கட்டுக்கம்பி ஒரு சுருள் போதும்.

நீ சொன்ன மணாலி வழியில் கிராம்பூ என்கிற இடத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கல்லும் ஓடையும்தான். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடையில் தண்ணீர் கூடும், அதனால் விடிகாலையிலேயே தாண்டிவிடு. குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றின் அடர்த்தி நம்ம ஊரில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். கைப்பம்பு எத்தனை அடி அடித்தாலும் டயர் சீக்கிரம் ஏறாது, உனக்கும் மூச்சு வாங்கும். அங்கே முதல் தடவையாக டயரைக் கழற்றக் கூடாது.

ஆகவே வருகிற ஞாயிறு வண்டியோடு சத்திக்கு வந்துவிடு. பின் சக்கரத்துக் காற்றை நான் இறக்கிவிடுவேன், என் பெட்டியைப் பூட்டிவிடுவேன். உன் பையில் இருப்பதை வைத்து மட்டும் நீயே கழற்றி, டயருக்குள்ளே விரலை விட்டு ஆணி தேடி, மாட்ட வேண்டும். டயரின் கடைசி விளிம்பை வால்வுப் பக்கம் முடி. வால்வை உள்ளே அழுத்திக்கொண்டு டயர் லிவரைப் போட்டால் ட்யூப் கடிபடாது. இரண்டு தடவை கடிபட்டாலும் பரவாயில்லை, பழைய ட்யூப் நிறைய வைத்திருக்கிறேன்.

அம்மா அரிசிம்பருப்பு சோறு ஆக்குகிறாளாம். சக்கரம் மாட்டின பிறகுதான் சாப்பாடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா