முருகேசனுக்கு, மசாஜ் பற்றி

செம்பவாங், சிங்கப்பூர்

அன்பு முருகேசா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே சின்னவனுக்குத் தேசிய சேவை முடியப்போகிறது. மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று தினமும் பேச்சு.

தைப்பூசத்துக்கு மகள் வீட்டுக்கு வரும்போது இடுப்புவலிக்கு இங்கே டீப் டிஷ்யூ மசாஜ் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். உனக்கு ஆஞ்சியோ செய்து இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், சர்க்கரையும் இருக்கிறது. அதனால்தான் ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

நான் தோள்பட்டை வலிக்கு இந்த மசாஜுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கப்பல் பட்டறையில் தலைக்கு மேல் கையைத் தூக்கியே வெல்டிங் பிடித்த தோள் இல்லையா? பரோட்டா மாவு பிசைவதுபோல் பிசைவார்கள் என்று நினைத்துவிடாதே. விரல் கணு, முழங்கை, முன்கை இவற்றால் மெதுவாக அழுத்தி, தசையும் அதைப் போர்த்திய சவ்வும் இறுகிய இடத்தில் நின்று நிதானமாக நீவுவார்கள். எழுந்தால் கழுத்து லேசாகத் திரும்பும், அன்றிரவு தூக்கமும் நன்றாக வரும். ஓரிரு நாள் உடம்பு வலித்து அடங்கிவிடும். ஆனால் அந்தச் சுகம் நிரந்தரமில்லை. 'உடம்பில் உள்ள நச்சையெல்லாம் வெளியேற்றும்' என்று கடைக்காரர்கள் சொல்வதையும் நம்பாதே. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

மருமகள் இன்னொன்றும் படித்துச் சொன்னாள். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்புவலிக்குச் சூட்டு ஒத்தடமும் மசாஜும் சொல்லப்பட்டிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலிக்கு உடற்பயிற்சி, யோகா, தாய் சி என்னும் சீன மென்பயிற்சி போன்றவற்றைத்தான் சொல்கிறார்கள். உன் வலி பல வருஷத்து வலி, முருகேசா. முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்.

இப்போது முக்கியமான விஷயம். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயே, அந்த நிலையில் முழங்கையால் அழுத்தினால் உள்ளே ரத்தம் கசிந்து கன்றிப்போகலாம். மசாஜுக்காக மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்திவிடாதே, அது பேராபத்து. சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் அழுத்தம் மிஞ்சுவது உனக்கே தெரியாது. சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க்கில் பாதம் பிடித்துவிடும் கடைகளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். பயணம் முடிந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் யாரையும் தொடவிடாதே. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், அழுத்தினால் அது நுரையீரலுக்கு நகர்ந்துவிடலாம். நேரே மருத்துவமனைக்குப் போ. இடுப்பிலிருந்து காலுக்கு மரமரப்பு இறங்கினாலும், சிறுநீர் கட்டுப்பாடு போனாலும் அதேதான்.

உன் இதய டாக்டரிடம் கேள். அவர் சரி என்றால் மென்மையான மசாஜாக வைத்துக்கொள். கழுத்தின் முன்பக்கத்தைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடு, அங்கே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்காதே. மூச்சை அடக்கிக்கொள்ளும் அளவுக்கு வலித்தால் உடனே நிறுத்தச் சொல். நல்ல கைக்காரர் கோபப்பட மாட்டார்.

இடம் தேடும் வேலையை என்னிடம் விடு. 2018 மார்ச்சிலிருந்து இங்கே புதிய மசாஜ் நிலையச் சட்டம் நடப்பில் இருக்கிறது. காவல்துறை உரிமம் உள்ள இடமாகப் பார்த்து, நானும் கூட வருகிறேன்.

மருந்துச் சீட்டின் நகலை மறக்காமல் எடுத்துவா. டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வராசு