படகு கரையேறும்போது வண்டியையும் ஜாக்கியில் ஏற்றுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் தொடங்கி வடக்கே தொண்டி வரை, மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை மீன் வண்டி வைத்திருக்கும் சம்மாட்டிமார்களுக்கும் மீன் கம்பெனி முதலாளிகளுக்கும்,

வணக்கம். பிக்கப் வண்டிகளுக்கு அடிவேலை பார்க்கும் மெக்கானிக் நான். உங்களில் பலருடைய வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றுகிறீர்கள். பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். அதே 61 நாளில் உங்கள் பழைய பிக்கப்பின் ஸ்டியரிங்கையும், பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். படகுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசி வண்டிக்குக் காட்டினாலும் போதும்.

உள்ளூரில் காய்கறி ஏற்றும் வண்டிக்கு வராத கேடு நம் வண்டிக்கு வருகிறது. அவர்கள் வண்டிக்கு அடியில் புழுதிதான் இருக்கும். நம் வண்டியில் ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்புமாகப் பாடியின் இடுக்கு வழியே மதுரை போய்ச் சேரும்வரை சொட்டுகிறது. பின்பக்கப் பட்டை, அதைச் சேஸிஸில் மாட்டும் ஷாக்கிள், பிரேக் பைப் எல்லாவற்றின் மேலும் அது விழுகிறது. போதாததற்குக் கடல்காற்று. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் ஏறும் துரு ஊதிப் பெருத்துப் பட்டைகளைப் பிரிக்கும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்க வேண்டிய பட்டைகள் இறுகிப்போய், குழியில் விழும்போதெல்லாம் வண்டி விறைப்பாக அடிக்கும். உப்பு அரித்த இடத்தில்தான் முதல் விரிசலும் விழும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் மெயின் பட்டையில் அந்த மெல்லிய கோடு தெரியும்.

பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்துவிட்டால் பாரமெல்லாம் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் மேல் வரும். அது ஒருநாள் அறுந்துபோகும். பின் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்புறம் வண்டி நண்டு மாதிரி கோணலாகத்தான் ஓடும். டிரைவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே மதுரை போய் வருவார். "இழுக்குது" என்று சொன்னால் வீல் அலைன்மென்ட்டுக்கு அனுப்புகிறீர்கள். பின் ஆக்ஸில் கோணலாக இருக்கும்போது முன் வீலை எத்தனை தடவை சரிசெய்து என்ன பயன்? வீலை நேராக வைத்து, முன் வீலின் நடுவிலிருந்து பின் வீலின் நடுவு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். அளவு நன்றாகவே வித்தியாசப்பட்டால் கோளாறு பின்னால்தான் இருக்கும்.

அடுத்தது ஸ்டியரிங். "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஸ்டியரிங் பாக்ஸின் ஸ்குருவை இறுக்கிவிடுவது நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரிய வியாதி. தேய்ந்தது டை ராட் எண்டாக, அதாவது ஸ்டியரிங் கம்பியை வீலோடு இணைக்கும் பந்து மூட்டாக இருக்கும்; இறுக்கியது பாக்ஸாக இருக்கும். ரொம்ப இறுக்கினால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அது ஆட்டத்தைவிட மோசம்.

சோதிப்பது சுலபம். வீல் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமாக ஆட்டட்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைக்கட்டும். தேய்ந்த ஜாயிண்டில் "டக் டக்" என்று விரலுக்கே தெரியும். அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லையென்றால் முன் வீல் திரும்பும் மூட்டான கிங் பின்னோ பால் ஜாயிண்டோ, உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அது. இதற்கெல்லாம் மெஷின் எதுவும் வேண்டாம்.

டை ராட் எண்டின் ரப்பர் கிழிந்தால் கிரீஸ் கழுவிப்போய் உப்புத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். பந்து தேய்ந்து கிண்ணத்தைவிட்டுக் கழன்றால் ஒரு வீல் தன் போக்கில் போய்விடும். டிரைவர் கையில் இருப்பது வெறும் வளையம். அந்த நட்டு கழலாமல் இருக்கக் காட்டர் பின் போட வேண்டிய ஓட்டையில் துருப்பிடித்த கட்டுக்கம்பியை முறுக்கிவிட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகள் தினமும் பாம்பன் பாலத்தில் ஏறி இறங்குகின்றன.

1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். நடுவில் டிவைடர் கிடையாது. இரண்டு பக்கமும் கடல். ஆடிக் காற்றில் பக்கவாட்டில் தள்ளும்போது லோடு வண்டியை நேராகப் பிடிப்பது எத்தனை கஷ்டம் என்று உங்கள் டிரைவரைக் கேளுங்கள். எதிரே சுற்றுலா பஸ் வரும், ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் போட்டோ எடுப்பார்கள். அங்கே ஆடுகிற ஸ்டியரிங்கோடு ஒருவரை அனுப்ப எப்படி மனம் வருகிறது?

அதிலும் அதிக லோடு. ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் ஒரு டன் கூடுதலாக ஏற்றலாம் என்று நினைக்கிறீர்கள். பட்டைதான் கூடுகிறது. ஆக்ஸிலும் பிரேக்கும் சேஸிஸும் பழையவைதான். பின்னால் பாரம் அமுங்கினால் முன் வீல் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். கணவாயும் நண்டும் நிறையப் பட்ட நாளில் இன்னொரு நடை அடியுங்கள். டீசல் செலவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று சோதனை உண்டு. அதற்கு நீங்கள் பெயிண்டும் ஸ்டிக்கரும் வாங்கிக் கொடுக்கிறீர்கள். துருவின் மேலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்து, பழைய ஆயிலை அடியெல்லாம் பீச்சியடித்து அனுப்புகிறீர்கள். அந்த ஆயில் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதைக்கூட யாரும் உங்களிடம் சொல்வதில்லை.

என் மனதை அறுப்பது வேறு. வண்டி கவிழ்ந்தால் முதல் பேச்சே "டிரைவர் தூங்கிட்டான்" என்பதுதான். ராத்திரி கண்விழித்து ஓட்டுகிறவர், தூக்கமும் வரும்தான். ஆனால் அந்த வண்டியை நிமிர்த்திய பிறகு டை ராட் எண்டையும் பட்டையையும் பார்த்தவர் யார்? அதற்கு முந்தைய வாரம் "ஸ்டியரிங் சரியில்ல முதலாளி" என்று அவர் சொன்னாரா இல்லையா என்று கேட்டவர் யார்? டிரைவர் அப்படிச் சொல்லும் நாளில் வண்டியில் லோடு ஏற்றாதீர்கள், அவருடைய படியையும் பிடிக்காதீர்கள். படி போய்விடும் என்ற பயம் இருந்தால் அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

வண்டியைப் பிரிக்கும்போது டிரைவரைக் கூட நிற்கவிடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். யு போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள், சில நடை ஓடியதும் திரும்பக் கொண்டுவந்து இறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் சாமானில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். லோடு இறக்கியதும் மேலே கழுவுவதோடு நிற்காமல் அடியிலும் நல்ல தண்ணீர் பீச்சச் சொல்லுங்கள். நாட்டுப்படகு மீனுக்காகத் தடைக்காலத்திலும் ஓடும் வண்டிகளை முறை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தலாம்.

தடைக்காலத்தில் உங்கள் கையில் காசு இருக்காது என்பதும் தெரியும். சாமானுக்கு மட்டும் அப்போது கொடுங்கள். என் கூலியை, படகுகள் கடலுக்குப் போய் நாலு நல்ல மீன்பாடு பார்த்த பிறகு, ஆகஸ்டில் வாங்கிக்கொள்கிறேன். மே முதல் வாரத்திலேயே வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள்.

இப்படிக்கு,
அடிவேலை மெக்கானிக் ஒருவன்,
மண்டபம்