ஓரத்தில் இடம் விடு

யீஷூன், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாணிக்கம்,

வலது கண்ணில் கண்புரை எடுத்தாகிவிட்டது. இடது கண் அடுத்த மாதம். மற்றபடி சுகம். மருமகளின் பலகார வியாபாரத்துக்கு இணையத்தளம் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் அசட்டுத்தனத்தைக் கேள். போன ஆண்டு தங்கையின் தையல் கடைக்கு ஒரு தளம் செய்துகொடுத்தேன். திறந்ததும் திரை முழுக்கப் பட்டுச்சேலைப் படங்கள், மூன்று விநாடிக்கு ஒருமுறை தானாக மாறும். வெளிர்சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் அம்மாள் கடைக்கே வந்து, "ரவிக்கைக்குக் கூலி எவ்வளவு, ஞாயிறு திறந்திருக்குமா, இதைத்தானே தேடினேன்? சேலையாக ஓடிக்கொண்டிருக்கிறதே!" என்றாராம். இரண்டு விவரமும் இருந்தன, பக்கத்தின் அடியில். தங்கை சண்டைக்கு வரவில்லை. தன் கைப்பேசியை நீட்டி, "அண்ணா, கூலியைக் கண்டுபிடியுங்கள்" என்றாள், அவ்வளவுதான். நான் செய்த பக்கம், என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

ஆகவே கணினியைத் தொடாதே. கைப்பேசி அகலத்துக்கு ஒரு தாளை நறுக்கிக்கொள். வாங்க வருகிறவர் எதைக் கேட்பார்? என்ன பலகாரம், என்ன விலை, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எங்கே வந்து வாங்குவது. அதே வரிசையில் பென்சிலால் எழுது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை மறந்துவிடாதே. அது இருந்தால் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடிக்கே வந்து நிற்பார்கள். மருமகளின் வாழ்க்கை வரலாறு கடைசியில் வரட்டும்.

பிறகுதான் இணையப்பக்கத்தை எழுதும் இரண்டு கணினி மொழிகள், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். எது தலைப்பு, எது பத்தி என்று உலாவிக்குச் சொல்வது முதலாவது. நிறம், அளவு, இடைவெளி எல்லாம் இரண்டாவதன் வேலை. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலைப்புக் குறியைப் போடாதே. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் பலர் பக்கத்தைப் பார்க்கிறார்கள். நிறத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, பார்வை மங்கியவர்களும் பயன்படுத்த வேண்டுமென்று வகுத்த அணுகல் நெறி. என் சாம்பல் எழுத்து 2:1-ஐக்கூட எட்டவில்லை. கண்புரை வந்தபிறகுதான் அந்த எண்ணின் அருமை எனக்குத் தெரிகிறது.

தமிழ் என்றால் கூடுதல் கவனம். ஆங்கிலத்துக்கு வெட்டிய சட்டையை நம் எழுத்துக்கு மாட்டினால் தையல் விடும். 'கான்டாக்ட்' இருந்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' போட்டேன்; 'ங்கள்' வெளியே தொங்கியது. 'அழைக்க' என்று மாற்றினேன். வரிகளை நெருக்கினால் மேல்வரி 'கு'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்கின்றன. எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு வரி உயரம் வைத்தபிறகே பக்கத்துக்கு மூச்சு வந்தது. ஆனாலும் நாம் கொடுத்துவைத்தவர்கள். நம்மூர் நா. கோவிந்தசாமி 1995இல் இணையத்தில் தமிழை ஏற்றிய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு. பொருத்தமான எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் பூச்சி ஊரும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான ஒருங்குறி (யூனிகோட்) அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது.

படங்களைக் கைப்பேசியில் எடுத்தபடியே போடாதே. ஆறு மெகாபைட் சேலையை 200 கிலோபைட்டுக்குச் சுருக்கினேன். ஜரிகை மின்னத்தான் செய்கிறது.

உமறுப் புலவர் பள்ளியில் நாம் நடத்திய கையெழுத்து ஏடு நினைவிருக்கிறதா? ஓரத்தில் இரண்டு விரல் இடம் விடு என்பாய். தாள் வீணாகிறதே என்று அங்கேயும் ஒரு வெண்பாவை நான் செருகுவேன். தங்கையின் தளத்தைத் திருத்திய மூன்று நாளும் நான் செய்தது பெரும்பாலும் அழிப்பதுதான். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் உன் சிடுசிடுப்பு காதில் கேட்டது.

சனிக்கிழமை தேக்காவுக்கு வா, தே தாரிக் குடித்துக்கொண்டே பார்க்கலாம். நறுக்கிய தாளைக் கொண்டுவா. அதிரசமும் நாலு கொண்டுவா. விலையை எங்கே போடுவது என்று தின்றுபார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்