கிணற்று மோட்டாருக்குக் கேட்கும் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் ஆயிரம் சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். (வெளியேறும் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிதான் டர்போ.) குதிரைத்திறன், டார்க் எனும் இழுவைத் திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி என்று எல்லாம் இருந்தன. எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகிறவர் எத்தனை எச்பி என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப மாட்டார். எத்தனை ஸ்டேஜ், எத்தனை அடியில் இறக்கலாம், அங்கிருந்து எவ்வளவு தண்ணீர் தள்ளும், காயில் எரிந்தால் யார் சுற்றித் தருவார்கள் என்று குடைந்தெடுப்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் விசாரித்த பிறகுதான் மடியிலிருந்து பணம் வெளியே வரும். பத்து லட்சம் ரூபாய் காருக்கோ உங்கள் கட்டுரையாளர் எச்பியோடு நின்றுவிட்டார்.

நான் டர்போவுக்கு விரோதி அல்ல. கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன், தங்கையைக் கட்டிக் கொடுத்தது தாளவாடியில். மாதம் இரண்டு முறையாவது பண்ணாரி தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறேன். முன்பு வைத்திருந்த 1,200 சிசி காரில், முன்னால் ஒரு கரும்பு லாரி அகப்பட்டுவிட்டால் வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்க வேண்டும். (அந்தச் சாலையில் லாரியை நாம் மட்டும் துரத்துவதில்லை. கரும்புக்காக யானையும் மறிக்கும்.) இப்போதுள்ள டர்போ கார் இரண்டாவது கியரிலேயே சலிக்காமல் ஏறுகிறது. ஒரே காரை இரண்டு இன்ஜினோடு விற்கும் மாருதி ஃப்ராங்க்ஸை எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். டர்போ இல்லாத 1,197 சிசி இன்ஜின் தன் 113 நியூட்டன் மீட்டர் டார்க்கைத் தருவது இன்ஜின் நிமிடத்துக்கு 4,400 சுற்றில் ஓடும்போது. 998 சிசி டர்போவோ 147 நியூட்டன் மீட்டரை 2,000 சுற்றிலேயே கொடுத்துவிட்டு, 4,500 வரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மலையேறுகிறவனுக்கு இதுதான் கணக்கு.

ஆனால் அந்த இழுவை சும்மா வருவதில்லை. வெளியேறும் புகையின் சூட்டில் சுழலும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும்; சில இன்ஜின்களில் இரண்டு லட்சத்தையும் தொடும். பெரும்பாலான சிறிய கார்களில் அந்தத் தண்டைத் தாங்குவது பால் பேரிங் அல்ல, மெல்லிய ஆயில் படலம். ஆக, இந்த இன்ஜினின் ஆயுள் ஆயிலில் இருக்கிறது. உங்கள் அரைப் பக்கக் கட்டுரையில் ஆயில் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது, அதுவும் விலையைச் சொல்ல.

இதை நான் கற்றது பட்டபின்தான். தினமும் காலையில் பால் சொசைட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் போய்வருவதும் அதே காரில்தான். இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். ஒரு நாள் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. குறையவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். பட்டறைக்காரத் தம்பி அதை வாங்கி மூக்கருகே பிடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை. குளிர்ந்த இன்ஜினில் முழுதும் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறினால்தான் அது ஆவியாகிப் போகும். நீர்த்துப்போன அந்த ஆயிலோடுதான் நான் திம்பம் ஏறிக்கொண்டிருந்தேன்.

சர்வீஸ் செய்த இடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. பில்லில் ‘இன்ஜின் ஆயில்’ என்று மட்டும் இருந்தது. எந்த கிரேடு என்று இல்லை. காரோடு வந்த கையேட்டை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் கணக்குக்குக் கீழே, பொடி எழுத்தில், ‘கடுமையான பயன்பாடு’ என்றால் அதில் பாதி என்று போட்டிருக்கிறது. கடுமையானது எது? அடிக்கடி குறுந்தூரப் பயணம், புழுதிச் சாலை, மலையேற்றம். மூன்றும் நான்தான்! கொங்கு நாட்டில் பாதிக் கார்களுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்தும்.

இன்னொன்று. மைலேஜுக்காக ஐந்தாவது கியரில் 1,300 சுற்றில் இன்ஜினைத் திணறவைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் டர்போ இன்ஜினில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே ஆயில் துளி பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீடு) தர ஆயில் அதையும் தடுக்கும்படி வகுக்கப்பட்டது. டின்னைத் திருப்பிப் பார்த்தால் வட்ட முத்திரையில் இருக்கும்.

கட்டுரையாளர் விருதுகளையும் அடுக்கியிருந்தார். ஃபோர்டின் 1.0 எக்கோபூஸ்ட் டர்போ இன்ஜின் 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த இன்ஜின் விருதை வாங்கியது. சென்னையில் தயாரான எக்கோஸ்போர்ட்டில் 125 குதிரைத்திறனோடு இங்கேயும் வந்தது. இன்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் அதன் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. ஆண்டுகள் போகப்போக அந்த பெல்ட் நைந்து, துகள்கள் ஆயில் வடிகட்டியை அடைத்த கதைகளும் அதே இன்ஜினுக்கு உண்டு. விருதுக்குழு புது இன்ஜினைத்தானே பார்க்கிறது. ஹூண்டாயின் ஆயிரம் சிசி டர்போவில் அந்த பெல்ட்டுக்குப் பதில் செயின், ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனில் ஆயில் படாத பெல்ட் என்பதையாவது கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அதே பக்கத்தில், டர்போ பெட்ரோல் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டாது என்று ஒரு வாசகர் எழுதியிருந்ததையும் ஏற்க முடியவில்லை. சங்ககிரி லாரிகளிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் டர்போ பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கிறது. அவை டீசல், வெப்பமும் குறைவு என்பது சரிதான். ஆனால் மேடேறி வந்த லாரியை ஓட்டுநர் உடனே அணைக்க மாட்டார். ஒரு நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகே சாவியைத் திருப்புவார். திம்பம் உச்சியின் டீக்கடையில் சடக்கென்று அணைத்துவிட்டு இறங்கும் கார்க்காரர்களைத்தான் தினமும் பார்க்கிறோம்.

அடுத்த வாரமும் ஒரு டர்போ காரைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். எந்த ஆயில், கடுமையான பயன்பாட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செயினா பெல்ட்டா என்று மூன்று வரி சேர்த்துப் போடுங்கள். இடம் போதாது என்றால் நூறு கிலோமீட்டரை எட்டும் விநாடிக் கணக்கை எடுத்துவிடலாம். திம்பத்தில் அதை யாரும் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்